ஒன்பதாம் வகுப்பா, மெட்ரிக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு வழிகாட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். மெட்ரிக் என்பது இங்கே பள்ளியின் கடைசி ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பு.

நேரம்
மெட்ரிக்: அக்டோபர், நவம்பர் தேர்வுவரை வாராவாரம்.
ஒன்பது: மாதம் இருமுறை போதும், ஆனால் பாதியில் விடக்கூடாது.

வேலை
மெட்ரிக்: பழைய வினாத்தாள், பல்கலைக்கழக விண்ணப்பம், என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு உதவித்தொகைப் படிவம்.
ஒன்பது: பேச்சுதான் அதிகம். பத்தாம் வகுப்பில் முழுக் கணக்கா, அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்கான மேத்ஸ் லிட்டா என்று அந்த ஆண்டே முடிவெடுக்கிறார்கள். மதிப்பெண்ணுக்குப் பயந்து மேத்ஸ் லிட் எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் கைநழுவிவிடும். இதைப் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டுக்குமே குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்ற சான்று வேண்டும், முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

கணக்கு, அறிவியல் சொல்லித்தரத் தெரிந்து, சில மாதமே ஒதுக்க முடிந்தவருக்கு மெட்ரிக். பொறுமைசாலிக்கு ஒன்பது. என்னைக் கேட்டால் ஒன்பதுக்கே போங்கள்; அப்போது எந்த வழியும் இன்னும் அடைபடவில்லை.