"ஈசிஎம் போயிடுச்சு" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். என் காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் வண்டி ஓடும்போதே திடீர் திடீரென்று ஆஃப் ஆனது. குண்டும் குழியுமான ரோடு என்றால் இன்னும் மோசம். கோவையில் நல்ல பெயர் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் போட்ட கொஞ்ச நேரத்திலேயே, "ஈசிஎம் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்றார்கள். 46,000 ரூபாய். பில்லில் பார்ட் நம்பர் இல்லை. பழையதைக் கேட்டால், "கம்பெனிக்கு ரிட்டர்ன் போயிடுச்சு."

வண்டி வந்ததிலிருந்து ஐடிலில் ஒரே நடுக்கம், புகை. அப்புறம் பல்லடம் ரோட்டில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது மறுபடி ஆஃப். பின்சீட்டில் அம்மா. பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். ஈசிஎம்முக்குள் பதிவாகியிருந்த 17 இலக்க வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) ஸ்கேனரில் எடுத்து, "ஆர்சி புக் இருக்கா சார்?" என்றார். அதிலிருந்த சேசிஸ் நம்பரோடு பொருந்தவே இல்லை. வேறு யார் வண்டியிலிருந்தோ கழற்றியதைப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஈசிஎம் மாற்றினால் அதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும். அதையும் செய்யவில்லை. நடுக்கம் அதனால்தான்.

ஸ்கேனரில் வந்த கோளாறு பி0190, அதாவது ரயில் பிரஷர் சென்சார் (அந்தக் குழாயில் டீசல் அழுத்தத்தை அளப்பது) சர்க்யூட். ஈசிஎம்மே பழுது என்று காட்டும் பி0606 இல்லவே இல்லை. சென்சாருக்குப் போகும் வயர் ஒரு பிராக்கெட்டில் உரசி, உறை கிழிந்து செம்பு தெரிந்தது. அந்த இடத்தைக் கையால் ஆட்டினார், இன்ஜின் நின்றது. சரிசெய்ய 800 ரூபாய்தான் ஆனது.

உங்களிடமும் ஈசிஎம் என்று சொன்னால், எந்தக் கோளாறுக் குறியீடு வந்தது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்குங்கள். ஈசிஎம்முக்கு வரும் பவர், எர்த், வயரிங் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பழையதைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பார்ட் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கட்டாயம்.

ஒர்க்‌ஷாப்காரர்கள், "எலக்ட்ரிக்கல் அயிட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள். வின் நம்பர் ரிப்போர்ட், பில், வயர் போட்டோ எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.