தாலாட்டுப் பெட்டிக்கு எந்த இயந்திரம்?

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ரப்பர் மரத்தில் பெரிய இசைப்பெட்டி ஒன்று செய்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பலகைக்கா பஞ்சம்? மருந்து ஏற்றிய பலகையா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு அரித்துவிடும். தலைவலி எல்லாம் உள்ளே வைக்கும் இயந்திரத்தில்தான்.

'பெரியது' என்று இணையத்தில் விற்றதை நம்பி முதலில் ஒன்றை வாங்கினேன். வந்தது உள்ளங்கையில் அடங்கும் 18 சுர இயந்திரம். படத்தில் பெரிதாக இருந்தது பெட்டிதான்! இயந்திரத்துக்குள் முள் பதித்த உருளை சுழன்று, சீப்புப் போன்ற இரும்புத் தகட்டின் பற்களை மீட்டும். அந்த இரும்புச் சீப்பில் எத்தனை பல்லோ, அத்தனை சுரம். இப்போதெல்லாம் பல் எத்தனை என்று கேட்காமல் காசு கட்டுவதில்லை.

பெரியதில் ராஜா என்றால் சுவிட்சர்லாந்தின் ரூஜ். 1865இல் தொடங்கிய நிறுவனம். அதன் 72 சுர இயந்திரத்தில் ஒரு சுற்று முடிந்ததும் உருளை மயிரிழை அளவு பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பகுதியை வாசிக்கும். விலையைக் கேட்டால் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஜப்பானின் சங்க்யோ செய்த 50 சுர இயந்திரம் அந்த அளவுக்குக் கையைக் கடிக்காது, ஒலியும் நிறைவு. மெட்டு எதுவானாலும் சரி என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

எனக்கு அப்படி ஏதோ ஒரு மெட்டு போதாதே. பாட்டி பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போன காலத்தில் என் அம்மாவுக்குப் பாடிய தாலாட்டுதான் வேண்டும். இந்த இரண்டிலுமே மெட்டு உருளையில் முள்ளாகக் குத்தப்பட்டிருக்கும். ஒரே ஒரு பெட்டிக்காகத் தனி உருளை செய்யச் சொன்னால் நமக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் காகிதப் பட்டை ரகத்துக்கு வந்தேன். மெட்டுக்கேற்பப் பட்டையில் நாமே துளையிட்டு, இயந்திரத்துக்குள் விட்டுக் கையால் சுற்றலாம். 15 சுர வகையில் பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான். நம் மெட்டு பாதியிலேயே சுரம் கிடைக்காமல் நிற்கும். 30 சுரம் வாங்குங்கள். அதிலும் அடிப்பக்கம் சில சுரங்கள் இல்லை, மெட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டால் போதும். ஒரே சுரத்தை மிக நெருக்கமாகத் துளைத்தால் இரண்டாவது ஒலிக்காது.

சத்தம் சிறியது என்று இதை ஒதுக்க வேண்டாம். கையில் பிடித்துச் சுற்றினால் கொசு ரீங்காரம். அதையே பலகை மேல் அழுத்திச் சுற்றினால் அடுப்படி வரை கேட்கிறது. அடிப்பலகையில் திருகாணியை இறுக்குவதில்தான் பாதி வித்தை.

ஒரு குறை உண்டு. பல்லுக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது, வராது. முதல் பட்டையைக் கேட்ட பாட்டி, "அங்க இழுக்கணும்டா" என்றார். அந்த இடத்தில் இப்போது மெதுவாகச் சுற்றுகிறேன். சாவி கொடுத்தால் தானாக ஓடும் இயந்திரத்தில் அது முடியாது.