பின்னங்கழுத்தில் ஒரு பக்கிள்: பேபி கேரியருடன் 11 மாதங்கள்

போன மாதம், மகளை நெஞ்சோடு கட்டித் தூக்கிக்கொள்ளும் கேரியரின் பின்பக்கப் பக்கிள் உடைந்தது. மாற்றுப் பக்கிள் கேட்டு எழுதி, அது வந்து சேர மூன்று வாரம் ஆனது. வந்த அன்றே, இன்னும் சில வாரங்களில் அப்பாவாகப் போகிற நண்பன் கூப்பிட்டு, "நீ வச்சிருக்கிற கேரியர் விலை குறைஞ்சிருக்குடா, வாங்கிடட்டுமா?" என்றான். அரை மணி நேரம் பேசினேன். ஆனால் வாங்கு என்றோ வாங்காதே என்றோ தெளிவாகச் சொல்ல வரவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இது எல்லோரும் பார்த்திருக்கும் சாதாரண வகைதான். இடுப்பில் அகலமான பெல்ட், இரண்டு தோள்வார்கள், நடுவில் குழந்தை உட்காரும் துணி. 3.5 கிலோவிலிருந்து 15 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. தோள்வார்கள் இரண்டும் நழுவாமல் இருக்க, முதுகின் மேல்பகுதியில் அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குப்பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் ஒரு சின்ன பக்கிள். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு கைகளும் ஃப்ரீயாக இருக்கும் என்று சொல்லித்தான் இந்தப் பொருளை விற்கிறார்கள். அது உண்மைதான், மாட்டி முடித்த பிறகு. மாட்டுவதற்கு எனக்கு இன்னொருவரின் கைகள் தேவைப்பட்டன. என் தோள் அவ்வளவு தூரம் பின்னால் வளையாது. மனைவி கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு நொடியில் மாட்டிவிடுவாள். நான் இடது கையால் ஒரு முனையைப் பிடித்து, வலது கையால் இன்னொன்றைத் தேடி, அதற்குள் குழந்தையின் தலையைத் தாங்க ஒரு கை வேண்டுமே என்று பதறி விட்டுவிடுவேன். முதல் நான்கு மாதங்களில் பல நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே மகள் விழித்துக்கொள்வாள். இரவெல்லாம் பால் கொடுத்து அப்போதுதான் அவள் அம்மா கண்ணயர்ந்திருப்பாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தால் மனைவி தூங்குவாள் என்பதற்காகவே கேரியரை எடுப்பேன். எடுத்து, அந்தப் பக்கிளை மாட்டிவிடச் சொல்லி அவளையே எழுப்புவேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, கண்ணைத் திறக்காமலே மாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வந்தது. இதை வடிவமைத்தவர் தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருமுறையாவது மாட்டிப் பார்த்திருந்தால் அந்த பக்கிளை அங்கே வைத்திருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தாம் மாதம்தான் வழி தெரிந்தது. குறுக்குப்பட்டை தோள்வாரில் மேலும் கீழும் நகரும். அதைக் கழுத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்து, தோள்வார்களை முழுசாகத் தளர்த்திவிட்டால் கை எட்டுகிறது. மாட்டிய பிறகு வார்களை இழுத்து இறுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் கையேட்டில் இல்லை. எட்டு மொழிகளில் எச்சரிக்கைகள் இருக்கின்றன, இது இல்லை. இதிலும் ஒரு தொந்தரவு உண்டு. பட்டை அவ்வளவு மேலே இருந்தால் அரை மணி நேரத்தில் பின்னங்கழுத்து வலிக்கத் தொடங்கும். மறுபடி கீழே இறக்கிவிட யாராவது வேண்டும்.

சரி, நல்லதுக்கு வருகிறேன், ஏனென்றால் அது கொஞ்சநஞ்சம் இல்லை.

பிறந்தபோது மகள் 3.1 கிலோ. எடை 4 கிலோவைத் தாண்டும்வரை காத்திருந்தோம், குறைந்தபட்ச எடை வந்த உடனே போட்டுவிட வேண்டாம் என்று பயம். ஏழாவது வாரம் முதல் தடவையாகப் பூங்காவுக்குப் போனோம். தள்ளுவண்டியும் இருக்கிறது, ஆனால் அன்று கேரியர்தான். இந்த வயதுக் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும் என்பார்கள். கேரியரில் குழந்தையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும். அப்படி வைத்தால் நம் முகம் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில் வந்துவிடுகிறது. மரம், குளம், ஓடுகிற பிள்ளைகள் என்று நான் என்னென்னவோ காட்டிக்கொண்டிருந்தேன், அவள் எதையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு சரியாக விடுகிறாளா என்று பார்க்கக் குனிந்தபோது சிரித்தாள். தூக்கத்தில் தானாக வரும் சிரிப்பு இல்லை, கண்ணைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் அது வரும் என்று படித்திருந்தேன். படித்திருந்தது எந்த உதவியும் செய்யவில்லை. பூங்காவின் நடுவில் நின்று அழுதேன். மனைவி இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள், அவளுக்கு அந்தச் சிரிப்பு கிடைக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு குறை. தள்ளுவண்டியில் இருந்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்காது.

நான்காம் மாதம் ரயில் பயணம். பாட்டி வீட்டுக்கு, ஆறு மணி நேரம். ரயிலில் மட்டும் இந்தக் கேரியரைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. நெரிசலில் தள்ளுவண்டியை மடித்து ஏற்றுவது பெரும் பாடு. குழந்தை என்னோடு ஒட்டியிருக்க, ஒரு கையில் பை, ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். அழ ஆரம்பித்தால் எழுந்து நடைவழியில் முன்னும் பின்னும் நடப்பேன், அடங்கிவிடுவாள். நான் உட்கார்ந்தால் அழுவாள், எழுந்து நடந்தால் நிறுத்துவாள். இது என் மகளின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கைக்குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடல் அசைவும் அழுகையும் அடங்குகின்றன, வெறுமனே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அளவுக்கு நடப்பதில்லை. பாலூட்டிகளின் குட்டிகளுக்கே உள்ள இயல்பாம், எலிக்குட்டியிடமும் இதையே பார்த்திருக்கிறார்கள். அன்று அந்த ரயிலில் பல கிலோமீட்டர் நடந்திருப்பேன்.

இனி அந்தச் சத்தம். நடந்து நடந்து குழந்தை தூங்கிவிடும். வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட வேண்டும், அதற்குப் பக்கிளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் 'டக்'. பகலில் காதில்கூட விழாத சத்தம், தூங்குகிற குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும். கண் திறந்துவிடும். கைக்குட்டையைச் சுற்றிக் கழற்றிப் பார்த்தேன், உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கழற்றினேன், மனைவி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்த இரைச்சலில் கழற்றிப் பார்த்தோம். பத்தில் ஆறு தடவை விழித்துக்கொள்வாள். மாதக்கணக்கில் இந்த பக்கிளைத் திட்டினேன்.

நியாயமாகச் சொன்னால் முழுப்பழியும் பக்கிளுடையது இல்லை. அதே குழு 2022-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் பிறகு படித்தேன். தூங்கிய குழந்தையைப் படுக்கையில் விடும்போது விழிப்பது மெத்தையில் முதுகு படுவதால் அல்ல, நம் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே இதயத் துடிப்பு ஏறிவிடுகிறது என்று அதில் இருந்தது. ஐந்து நிமிடம் நடந்து தூங்கவைத்து, பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, தூக்கம் ஆழமான பிறகு படுக்கவையுங்கள் என்பது அவர்கள் தரும் வழி. செய்துபார்த்தேன், பெரும்பாலான நாள்களில் பலித்தது. எட்டு நிமிடம் கழித்துக் கழற்றினால் அதே 'டக்' சத்தத்துக்கு இமைகூட அசையவில்லை. அப்படியானால் நான்கைந்து மாதங்களாக நான் பக்கிளிடம் காட்டிய கோபத்தில் பாதி தவறு. மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன், சத்தம் குறைவான பக்கிள் செய்வது முடியாத காரியம் இல்லை.

ஆறாம் மாதம் கடலுக்குப் போனோம். குழந்தையை முன்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்கும் வசதி இதில் இருக்கிறது, தலை நன்றாக நின்ற பிறகுதான் அப்படி வைக்க வேண்டும். கடலை அவள் நேராகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெயில் இறங்கிய பிறகு போய், திருப்பி வைத்துக்கொண்டு அலைக்கு முன்னால் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் கையையும் காலையும் அடித்துக் குதூகலம். பிறகு திடீரென்று வாய் கோணி ஓவென்று அழுகை. அலை, காற்று, கூட்டம், நாய் எல்லாம் ஒரே நேரத்தில் முகத்துக்கு நேரே வருகின்றன, திரும்பி ஒளிந்துகொள்ள என் நெஞ்சு முன்னால் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. திருப்பி என் பக்கம் பார்க்க வைத்ததும் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டாள், அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பி ஒரு கண்ணால் கடலைப் பார்த்தாள். முன்பக்கம் பார்க்கும் வசதிக்காக இந்த மாடலை வாங்காதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு மேல் அது வேண்டாம், தூக்கம் வந்தால் கட்டாயம் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. குழந்தையின் கால்கள் தொங்கக் கூடாது, தொடை விரிந்து முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக, ஆங்கில 'M' எழுத்து மாதிரி உட்கார வேண்டும், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது. இந்தக் கேரியரில் அது சரியாக அமைகிறது. மோவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சு முட்டாமல், ஒரு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முதல் நான்கு மாதங்களில் இதில் சமரசமே கூடாது. வெப்பம் உண்டு. இரண்டு உடம்பும் ஒட்டியிருப்பதால் குழந்தைக்கு ஓர் உடை குறைவாகவே போட்டோம், அப்படியும் இருவரும் நனைந்துதான் வருவோம். எடை கூடக் கூடத் தோள் சொல்லும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பானது, ஒரு வயதில் 9.3 கிலோ, மூன்று மடங்கு. இடுப்பு பெல்ட் பெரும்பாலான பாரத்தை ஏந்திக்கொள்கிறது, ஒன்றரை மணி நேரம் வரை வலி இல்லை. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. துணி எத்தனையோ சலவைக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. நல்ல தையல், நல்ல துணி, இதைச் செய்தவர்களுக்கு வேலை தெரியும். அதனாலேயே அந்த பக்கிளை மன்னிக்க முடியவில்லை.

அது உடைந்ததும் அப்படித்தான். மகளுக்கு ஒரு வயது முடிந்த சில நாள்களில், கிளம்புகிற நேரத்தில் மனைவி மாட்டும்போது ஒரு பல் முறிந்து அவள் கையிலேயே வந்துவிட்டது. நல்லவேளை, குழந்தையை அப்போதுதான் வைக்கப் போனோம். அந்தப் பட்டை இல்லாமல் தோள்வார்கள் நழுவும், அப்படியே போட்டுக்கொண்டு போகவே கூடாது. கயிறு கட்டியோ கிடைத்த பக்கிளைத் தைத்தோ ஒப்பேற்றவும் கூடாது. நிறுவனத்துக்கு எழுதினால் ரசீது கேட்டார்கள், படம் கேட்டார்கள், அதே படத்தை மறுபடி கேட்டார்கள். பணம் வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தில்தான் மகள் நடந்தாள். உலக சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி குழந்தைகள் தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், எனவே எங்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. கேரியர் இல்லாததால் பூங்காவில் கையைப் பிடித்து நிற்கவைப்போம், ஒருநாள் கையை விட்டுவிட்டு மனைவியை நோக்கி நான்கு எட்டு வைத்தாள். இந்த முறை நான் பின்னால் நின்றேன். அவள் முகத்தை மனைவிதான் பார்த்தாள்.

புதிய பக்கிள் வந்த அன்று கூடத்தில் உட்கார்ந்து அதைக் கோத்துவிட்டு, சரியாகப் பிடிக்கிறதா என்று இரண்டு தடவை மாட்டிக் கழற்றினேன். டக், டக். உள்ளறையிலிருந்து மகள் தள்ளாடி ஓடிவந்து என் முன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். அவளுக்கு அந்தச் சத்தம் வெளியே போவதன் சத்தம். எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ எனக்குத் தெரியவில்லை.

நண்பனுக்குப் பதில்: இந்த மாடலை வாங்காதே. விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் வேண்டாம். தோள்வார்கள் முதுகில் குறுக்காகப் போய், பக்கிள் விலாப் பக்கத்திலோ முன்பக்கத்திலோ வருகிற வகைகள் இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்கு. கடையில் வேறு யாரையும் தொடவிடாமல் நீயே தனியாக மாட்டிப் பார், மாட்ட முடிந்தால் மட்டும் பணம் கொடு. என்னுடையதை இரவலாகவும் கேட்காதே. இன்னும் 5 கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது, நடந்து களைத்தால் அவள் அதில்தான் ஏறுகிறாள்.