எபிக் யூனிவர்ஸ் போறவங்க கவனத்துக்கு: "எல்லா ரைடுக்கும் எக்ஸ்பிரஸ்"னு விக்கிறவங்க கிட்ட பணம் கட்டாதீங்க

லீவுக்கு ஆர்லாண்டோ பிளான் பண்றவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிடுங்க. யூனிவர்சலோட புது தீம் பார்க் எபிக் யூனிவர்ஸ் 2025 மே 22 திறந்ததுல இருந்து வாட்ஸ்அப் குரூப்ல டிக்கெட் விக்கிறவங்க நிறைய பேர் கிளம்பிட்டாங்க. அதுல ஒரு ஏஜென்ட், நல்லா தமிழ் பேசுவான், வாய்க்கு வாய் அக்கானு கூப்பிடுவான், "புது ஹாரி பாட்டர் ரைடும் சேத்து எல்லாத்துக்கும் எக்ஸ்பிரஸ், நீங்க எங்கயும் நிக்கவே வேணாம்"னு சொல்லி டிக்கெட்டுக்கு மேல தனியா பெரிய தொகை வாங்கினான். எக்ஸ்பிரஸ்ங்கறது பெரிய க்யூல நிக்காம சின்ன லைன்ல போக தனியா காசு கட்டி வாங்குற பாஸ். எங்க அத்தை (மாமியார்) ஊர்ல இருந்து வந்திருக்காங்க, முட்டி வலி, அவங்களுக்காகத்தான் அந்தப் பாஸே.

அந்தப் புது ஹாரி பாட்டர் ரைடு, பேட்டில் அட் த மினிஸ்ட்ரி, அதோட வாசல்ல கொண்டுபோய் காட்டினா, அங்க நின்ன பொண்ணு, இந்த ரைடுக்கு எக்ஸ்பிரஸே கிடையாதுங்கறா. பார்க்கோட ஆப்லயே காட்டினா, நிஜமாவே அப்போ அந்த லிஸ்ட்ல இது இல்ல. இவன் எனக்கு அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ல மட்டும் இருக்கு, அவனே எழுதி சேத்திருக்கான். அத்தை பாவம், "பரவால்லம்மா நீங்க போங்க"னு வெளியவே உக்காந்துட்டாங்க, வீட்டுக்காரர் கூட இருந்தார், நானும் பையனும்தான் சாதாரண லைன்ல போனோம்.

அந்த க்யூவைப் பாத்தப்புறம்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். 1920கள் பாரிஸ் தெருவுல ஆரம்பிச்சு, மெட்ரோ ஃப்ளூ அடுப்பு (கதைல ஆளை வேற இடத்துக்கு கொண்டுபோற மந்திர அடுப்பு) வழியா பச்சைப் புகைக்குள்ள நடந்து, அந்தப் பக்கம் 1990கள் லண்டன்ல மந்திரவாதிகளோட அரசாங்க ஆபீஸ், அதான் மினிஸ்ட்ரி, அதுல வெளிய வர்றோம். ஆயிரங்கால் மண்டபத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு அந்த ஹால், பையன் அண்ணாந்து பாத்தவன் பேசவே இல்ல. ஹாரி பாட்டர் கதைல வர்ற வில்லி அம்ப்ரிட்ஜோட விசாரணையைப் பாக்கத்தான் நாம போறோம்ங்கறது கதை, அது க்யூலயே தொடங்கிடுது, ரைடுல நாம உக்கார்ற லிஃப்ட் நாலா பக்கமும் பாயுறது அதோட தொடர்ச்சிதான். அத்தைக்கு இதெல்லாம் அவ்ளோ பிடிக்கும். பார்க்ல வீல்சேர் வாடகைக்கு கிடைக்குது, எந்த ரைடுல எதுவரைக்கும் அதுல வரலாம்னு கேட்டா சொல்றாங்க, அவன் பேச்சை நம்பினதால நாங்க அந்த ஏற்பாட்டையே பண்ணல.

சாயங்காலம் போன் பண்ணா "பாலிசி மாறிடுச்சுக்கா, நான் என்ன பண்றது"ன்னான், மறுபடி கேட்டதும் பிளாக் பண்ணிட்டான். பணம் ஸெல்ல (Zelle, பேங்க்ல இருந்து நேரா இன்னொருத்தருக்கு பணம் அனுப்புற சேவை) அனுப்பினது, அதுல கிரெடிட் கார்டு மாதிரி பாதுகாப்பு கிடையாது, பேங்க்ல கைய விரிச்சுட்டாங்க.

அதே குரூப்ல இன்னொரு ஃபேமிலிக்கு, யூனிவர்சலோட பிரீமியர் ஹோட்டல்ல (விலை அதிகமான வகை) ரூம் போட்டா எபிக்லயும் எக்ஸ்பிரஸ் ஃப்ரீனு சொல்லி அதிக விலைக்கு புக் பண்ணிக் குடுத்திருக்கான். அதுவும் பொய். ராயல் பசிபிக், ஹார்ட் ராக், போர்ட்டோஃபினோ பே ரூமோட வர்ற எக்ஸ்பிரஸ் யூனிவர்சலோட பழைய ரெண்டு பார்க்குக்கு (யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்) மட்டும்தான், எபிக்ல செல்லாது. அப்புறம் "மிச்சம் ரெண்டு நாள் இருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்கோங்க"னு பாதி யூஸ் பண்ண டிக்கெட் யார் குடுத்தாலும் தொடாதீங்க, டிக்கெட் அதை யூஸ் பண்ண ஆரம்பிச்ச ஆளுக்கு மட்டும்தான், எபிக் கேட்ல முகத்தை வெச்சே சரிபாக்குறாங்க, அதை விக்கிறதே ஃபுளோரிடா சட்டப்படி குற்றம்.

எக்ஸ்பிரஸ் வேணும்னா பார்க் ஆப்ல நேரா வாங்குங்க, எந்தெந்த ரைடு சேரும்னு அங்கயே இருக்கும், போற அன்னிக்கு காலைல இன்னொரு தடவை பாத்துக்கோங்க. பேட்டில் அட் த மினிஸ்ட்ரி ரைடுக்கு 40 இன்ச் உயரம் வேணும், குழந்தைங்களை வீட்லயே அளந்துட்டு போங்க.

அவன் இப்ப அதே போஸ்டரை வேற பேர்ல, வேற நம்பர்ல போட்டுட்டு இருக்கான். ஏற்கனவே கார்டுல கட்டினவங்க இன்னிக்கே கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேட்டு புகார்) போடுங்க, ஸெல்ல அனுப்பினவங்க சாட்டை டெலீட் பண்ணாம எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, எஃப்பிஐயோட ஐசி3 சைட்ல (இன்டர்நெட் மோசடிக்கு புகார் குடுக்குற இடம்) நான் கம்ப்ளைன்ட் போடப்போறேன், நீங்களும் உங்க பேர்ல போடுங்க.