ட்ராலி ஜாக்கியோடு 7 வருஷம்: காரை இறக்கும்போது கற்றுக்கொண்டவை

2018-ல் வாங்கிய 2 டன் ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கி (சக்கரத்தில் உருளும், கைப்பிடியால் பம்ப் அடித்துத் தூக்கும் வகை) இன்றும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு ஷெட்டில் இருக்கிறது. டயர் மாற்ற, பிரேக் பேட் பார்க்க என்று என் சின்னக் காரை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறது. தூக்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு நேர்ந்த இரண்டு கெட்ட அனுபவங்களும் காரை இறக்கும்போது நேர்ந்தவை. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

காரோடு கொடுக்கிற திருகு ஜாக்கியில் நாம் எவ்வளவு சுற்றுகிறோமோ அவ்வளவுதான் வண்டி இறங்கும். ட்ராலி ஜாக்கி அப்படி இல்லை. கைப்பிடியை இடது பக்கம் திருகினால் வால்வு திறந்து, சிலிண்டரில் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது. அதைத் தள்ளுவது காரின் எடை. காலி ஜாக்கி மெதுவாக இறங்குகிற அதே திருகலில், மேலே கார் இருந்தால் விறுவிறுவென்று இறங்கிவிடும். காலி ஜாக்கியில் பழகிய கை இங்கேதான் ஏமாறுகிறது.

நாலாவது வருஷம் வால்வு இறுகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டயரை மாட்டிவிட்டுக் கைப்பிடியைத் திருகினேன், அசையவில்லை. பலம் கொடுத்தேன். ஒரே வெட்டாக அரைச் சுற்று திரும்பி, கார் தடாலென்று தரையில் விழுந்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்த என் மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வால்வைக் கழற்றி, மரையில் ஆயிலோடு குழைந்து பசைபோல ஒட்டியிருந்த செம்மண்ணைத் துணியில் துடைத்துக் காட்டினார். “மண்ணு ஏறுனா இப்படித்தான் அண்ணாச்சி, பிடிச்சு நின்னு பொசுக்குனு விட்டுரும். திருகத் திருகத் திரும்பலைன்னா பலத்தைக் கொடுக்காதீய. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, கொஞ்சம் பம்ப் அடிச்சுத் தூக்கிட்டு, திரும்பப் பாருங்க” என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வால்வுப் பக்கத்தைத் துணியால் துடைத்து, ஜாக்கியை முழுக்க இறக்கி, சாக்குப்பை போட்டு மூடி வைக்கிறேன். வால்வு இப்போது விரலுக்கு அடங்கித் திரும்புகிறது.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. என் மாமனார் ஊர் திசையன்விளைப் பக்கம். அங்கே தேரி எனும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் பஞ்சர் ஆனபோதுதான் மற்ற அனுபவம். சிவந்த மணலில் ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரங்கள் புதைந்துவிடும் என்று அடியில் பலகை போட்டேன். அது சரிதான். ஆனால் பலகை ஜாக்கியின் நீளத்துக்கே இருந்தது. ட்ராலி ஜாக்கியில் காரைத் தூக்கும் கை வளைவாக ஏறி வளைவாக இறங்குவது; இறங்கும்போது ஜாக்கி நம்மை நோக்கி ஓரிரு அங்குலம் உருண்டு வரும். வந்தது. பின்சக்கரம் பலகையைத் தாண்டி மணலில் விழுந்தது, காரைத் தாங்கியிருந்த ஜாக்கியின் கிண்ணம் சறுக்கி, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு உள்ளங்கை அகலத்துக்கு மடங்கிவிட்டது. இப்போது டிக்கியில் நம் பக்கம் ஒரு முழம் நீண்டிருக்கும் தடித்த பலகை கிடக்கிறது. செங்கல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், சொல்லாமல் உடையும்.

இப்போது நான் இறக்குவது இப்படி. வீல் நட்டுகளை எதிரெதிராகக் கையால் மாட்டி, ஸ்பேனரால் லேசாக இறுக்கிக்கொள்வேன். தூக்கிய காரைத் தாங்க அடியில் ஸ்டாண்ட் வைத்திருந்தால் ஜாக்கியால் ஒரு விரற்கடை தூக்கி, ஸ்டாண்டை உருவி எடுப்பேன். பிறகு குனிந்து ஒரு முழுப் பார்வை: ஸ்பேனர், பாதுகாப்புக்குப் படுக்க வைத்த ஸ்டெப்னி, நிழலுக்கு ஒதுங்கிய கோழி. கதவுகள் சாத்தியிருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மற்ற சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கல் அப்படியே இருக்கட்டும். அதன் பிறகுதான் வால்வு, மயிரிழை மயிரிழையாக. கார் அசையத் தொடங்கியதும் கையை அங்கேயே நிறுத்திவிடுவேன். பாதியில் சந்தேகம் வந்தால் வலது பக்கம் திருகி மூடினால் நின்றுவிடும். டயர் தரையை அழுத்திய பிறகே நட்டுகளை முழுப் பலத்தோடு இறுக்குவது.

ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்று பக்கவாட்டில் அடித்தால் ஜாக்கியில் நிற்கிற கார் ஆடும். காற்றுக்கு மறைப்பான இடம் வரை மெதுவாக உருட்டிப் போய் நிறுத்துங்கள். டயர் போனாலும் போகட்டும்.

ஆயில் ஒரே முறைதான் ஊற்றினேன், ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில். பிரேக் ஆயிலை ஊற்றினால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் ஊதிக் கெட்டுப்போகும்.

இந்த வருஷம் காரை ஏற்றி வைத்தால் பத்து நிமிஷத்தில் தானாக ஒரு விரற்கடை இறங்குகிறது. சீல் தேய்ந்திருக்கிறது. புது சீல் போட்டு வரும்வரை தெருவில் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.