பட்ட பயமும் கேட்ட பயமும்

இணையப் பண மோசடி குறித்த அச்சம் இரண்டு வழிகளில் மனத்துக்குள் நுழைகிறது. ஒன்று பட்டறிந்தது, மற்றொன்று செய்தியாகக் கேட்டது.

கேட்ட பயம் வேகமாகப் பரவும், ஆனால் குறி தவறும். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்கிடுகிறது என்று உளவியலாளர்களான டுவெர்ஸ்கியும் கானமனும் 1973இல் விளக்கினார்கள். பெருந்தொகை பறிபோன கதைதான் செய்தியாகிறது. அதனால், கணினிக்குள் ஊடுருவும் மர்ம நபரை நினைத்து நடுங்குகிறவரே, வங்கி அதிகாரி போலப் பேசுபவரிடம் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுகிறார். சிலர் இணைய வங்கிச் சேவையையே கைவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பட்ட பயம் கூர்மையானது. எந்தச் சொல்லை நம்பினோம், எந்த அவசரத்தில் இணைப்பைத் தொட்டோம் என்பது பட்டவருக்குத் தெரியும். ஆனால் வெட்கமும் கூடவே வருகிறது. "படித்தவர் இப்படியா ஏமாறுவது?" என்ற கேள்விக்கு அஞ்சி அவர் மௌனமாகிறார், வங்கிக்குத் தெரிவிக்க வேண்டிய முதல் சில மணி நேரம் வீணாகிறது. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் புது மோசடிக்காரர்கள் அவரையே தேடி வருவதும் உண்டு.

இரண்டில் எது பாதுகாக்கும் என்றால், பட்டவரின் பயத்தையே சொல்வேன், அவரைக் குறை சொல்லாமல் பேசவிட்டால். இழந்த தொகையைவிட, ஏமாற்றிய உரையாடல் எப்படி நகர்ந்தது என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.