ஜுக்கினி மலை: ஃப்ரீசரா, வற்றலா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதக் கடைசியில் ஆறு ஜுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் பூசணி வகைக் காய்) நாற்று வாங்கி நட்டேன். மான் மேய்ந்தது போக இரண்டு பிழைத்தால் போதும் என்று கணக்கு. நியூ ஜெர்சி மான்கள் அந்த வருடம் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன. ஆறும் பிழைத்துவிட்டன.

ஜுக்கினி வளர்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் விரல் நீளத்தில் பார்த்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் முழங்கை நீளத்தில் இலைக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது. ஜூலை மூன்றாவது வாரம் எடை போட்டேன், ஏழே நாளில் 14 கிலோ. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்குப் பத்து வயது, தட்டில் பச்சையாக எது விழுந்தாலும் மூக்கைச் சுளிப்பாள்.

கூட்டு, பொரியல், தோல் துவையல், அடை மாவில் துருவிப் போடுவது என்று ஒரு பத்து நாள் ஓட்டலாம். அதன் பிறகுதான் நிஜமான கேள்வி வருகிறது.

கொடுத்துவிடுவது முதல் வழி. ஆனால் நம் வீட்டில் காய்க்கிற அதே வாரத்தில்தான் தெருவில் எல்லார் வீட்டிலும் காய்க்கிறது. ஆகஸ்ட் 8 அன்று ராத்திரி பக்கத்து வீட்டு வாசலில் ஜுக்கினியை வைத்துவிட்டு ஓடிவரும் நாள் என்றே ஒன்று இங்கே உண்டு, பென்சில்வேனியாக்காரர் ஒருவர் விளையாட்டாக ஆரம்பித்தது. நான் இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்கு இரண்டு பை கொண்டுபோய்க் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் ஏதாவது ஆனாலும் கொடுத்தவர்மேல் சாதாரணமாக வழக்கு வராதபடி 1996லேயே சட்டம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: யாருக்குக் கொடுத்தாலும், சேமித்து வைத்தாலும், ஒவ்வொரு காயிலும் பச்சையாக ஒரு சின்னத் துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். 2015இல் ஜெர்மனியில் பக்கத்து வீட்டுத் தோட்டத்து ஜுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு முதியவர் இறந்தே போனார். கசப்பாக இருந்தும் சாப்பிட்டிருக்கிறார். வெந்தாலும் போகாத நஞ்சு அது.

பாட்டிலில் அடைத்துப் பிரஷர் குக்கரில் வைத்துப் பாதுகாப்பதை அமெரிக்க வேளாண் துறையே பழைய பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது. புளிப்பில்லாத காய், எவ்வளவு நேரம் வேகவைத்தால் பத்திரம் என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மிச்சம் இரண்டு. முதல் வருடம் ஃப்ரீசர், போன வருடம் வற்றல் என்று இரண்டையும் பார்த்துவிட்டேன்.

ஃப்ரீசரின் லாபம், வேலை குறைவு என்பது. துருவு, ஆவியில் ஓரிரண்டு நிமிடம் காட்டு, ஆறவை, ஜிப் பையில் தட்டையாக அமுக்கு, அடுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் 22 பை ஆயிற்று. அவ்வளவு பெருமையாக இருந்தது. மார்ச் மாதம் எண்ணினால் 13 பை அப்படியே இருந்தது.

ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஜுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர். உறையும்போது அந்தத் தண்ணீர் பனியாகிக் காயின் உள்சுவர்களைக் கிழித்துவிடுகிறது, உருகும்போது எல்லாம் வெளியே வருகிறது. ஒரு பையை வடிதட்டில் போட்டு அளந்தே பார்த்தேன். அரைக் கிலோ பையில் 280 கிராம் வெறும் தண்ணீர். கீழே பச்சை நிறத்தில் குளம், மேலே நனைந்த பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. அடை மாவில் போட்டால் அடை தோசையாகிவிடுகிறது. ஆக, எட்டு மாதமாக நான் தண்ணீரைத்தான் கரண்ட் கட்டிக் காப்பாற்றியிருக்கிறேன். வேலை குறைவு என்று நினைத்தது, வேலையைத் தள்ளிப்போட்டதுதான். ராத்திரி ஏழு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து யார் வடிகட்டிப் பிழிந்துகொண்டிருப்பது?

உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்து, வேட்டித் துணியில் பிழிந்துவிட்டு உறையவைத்தால் நன்றாகவே வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் ஐந்து கிலோ பிழிந்தால் மணிக்கட்டு இரண்டு நாள் பேசும். அதோடு 2020 ஆகஸ்டில் இசாயாஸ் புயல் இந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை இருட்டாக்கியபோது, ஃப்ரீசரில் இருந்த தேங்காய்த் துருவல் முழுவதையும் கொட்டியவன் நான். அந்தக் கசப்பும் என் தீர்ப்பில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

வற்றலில் தண்ணீரை முதலிலேயே விரட்டிவிடுகிறோம். திருச்சியில் அம்மா மாடியில் பாய் விரித்து, சித்திரை வெயிலில் மூன்றே நாளில் எடுத்துவிடுவார். வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அந்த ஊர் வெயில்ல வத்தலா?" என்று சிரித்தார். சிரித்ததில் நியாயம் இருந்தது. ஜூலைப் புழுக்கத்தில் வெளியே காயவைத்தேன், இரண்டாம் நாளே கரும்புள்ளி. மூடிய காருக்குள் வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வற்றல் காய்ந்ததென்னவோ உண்மை. கார் செப்டம்பர் வரை மோர் வாடை அடித்தது.

கடைசியில் ஐந்து தட்டு டீஹைட்ரேட்டர் (சூடான காற்றில் காயவைக்கும் கரண்ட் இயந்திரம்) ஒன்று வாங்கினேன். கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம், பிறகு ஃப்ரிட்ஜில் மோரில் ஒரு ராத்திரி, காலையில் வடித்து 60 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இதைவிட மெல்லிசாக நறுக்கினால் தட்டில் காகிதம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். முழங்கை சைஸ் காய்களில் நடுவில் விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வளையமாகப் போடலாம், அதுதான் பார்க்கவும் அழகு. வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

2 கிலோ போட்டு எடுத்தால் 130 கிராம் வந்தது. எட்டு தடவை போட்டேன், 16 கிலோ காய் ஐந்து பெரிய பாட்டிலில் அடங்கிவிட்டது. கரண்ட் ஒரு தடவைக்கு ஆறு யூனிட்டுக்குள்தான். பாட்டிலை முழுக்க அடைக்காமல் ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஈரம் படிந்தால் எல்லாவற்றையும் திரும்பத் தட்டில் போட வேண்டும். எனக்கு ஒரு பாட்டிலில் அப்படி ஆயிற்று.

வறுக்கும்போது நெருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காயில் இருக்கும் இனிப்புக்குப் பத்து நொடியில் கருகிவிடும். சுண்டைக்காய் வற்றலின் கம்பீரம் இதற்குக் கிடையாது. தயிர் சாதத்துக்கும் வற்றல் குழம்புக்கும் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. பனி கொட்டும் நாளில் அலமாரியைத் திறந்து ஒரு பிடி எடுத்தால் போதும், உருகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மூக்கைச் சுளிக்கிறவளே பாட்டிலில் கை விட்டாள். நான் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலம்தான், ஏப்ரலில் பாட்டில்கள் காலி. அதனால் இரண்டாவது வருடம் தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

செடி ஒன்றிரண்டுதான், மிச்சம் மூன்று நான்கு கிலோதான் என்றால் இதற்காக இயந்திரம் வாங்காதீர்கள். பிழிந்து ஃப்ரீசரில் வையுங்கள், பையில் தேதி எழுதுங்கள். பூவோடு பிஞ்சாகவே பறித்து பஜ்ஜி போட்டாலும் காய் குறையும்.

நான் போன வருடம் நான்கு நட்டேன், இந்த வருடம் இரண்டு. அந்த 13 பையில் இன்னும் நான்கு கீழே கிடக்கிறது, என் மனைவி அதைத் தூக்கிப் போடவும் விடமாட்டேன் என்கிறாள், சமைக்கவும் மாட்டேன் என்கிறாள்.